அரக்குச் சேலை கைப்பேசியில் செங்கல் நிறமாவது ஏன்?

கேள்வி: ஆரணித் தறிக்காரன்

வணக்கம். ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள் ஓடுகின்றன. முன்பெல்லாம் சேலையைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டுவதோடு வேலை முடிந்துவிடும். இப்போது படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் விற்கிறது. ஆனால் படத்தில் விழும் நிறமும் கையில் இருக்கும் நிறமும் ஒத்துப்போவதே இல்லை. நல்ல அரக்கு செங்கல் நிறமாகிறது. சந்தன நிறம் பரணில் கிடந்த பழைய துணியைப் போல மங்குகிறது. மயில்கழுத்துச் சேலையோ வெறும் நீலமாக விழுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று போன மாதம் வந்தது. உடலுக்கும் முந்தானைக்குமான பட்டு நூலை வெவ்வேறு சாயக்காரர்களிடம் தோய்த்திருந்தோம். வீட்டு எல்.இ.டி. டியூப் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே அரக்காகத்தான் தெரிந்தன. வாங்கியவர் வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டு, முந்தானை வேறு நிறம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். மாற்ற வேண்டியது கைப்பேசியையா, விளக்கையா, சாயக்காரரையா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: காட்பாடி இயற்பியல்

மூன்றையும் மாற்றுவதற்கு முன் கைப்பேசி என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன் உணரிக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு வடிகட்டி வைக்கப்பட்டிருக்கும். நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்ற இந்த அடுக்குமுறைக்கு, கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்றார். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பச்சைப் பகுதியில்தான் கூர்மையாக உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஒரு புள்ளியில் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் நிரப்பிக்கொள்கிறது. அதாவது, படத்தில் உள்ள நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, கணித்தவை.

உங்கள் அரக்கு கெடுவது அதற்கு அடுத்த படியில். படச் சட்டத்துக்குள் இருப்பதெல்லாம் சராசரியாக 18% வெளிச்சத்தைத் திருப்பும் நடுச் சாம்பல் என்ற கணக்கில்தான் கேமரா ஒளியளவை வைக்கிறது. 0 முதல் 255 வரையிலான அளவில் அது ஏறக்குறைய 118. அடர் அரக்கு சட்டம் முழுவதையும் அடைத்தால், வெளிச்சம் போதவில்லை என்று எண்ணித் தூக்கிவிடுகிறது. சந்தனம் அடைத்தால், அதிகம் என்று எண்ணி இறக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, எங்கும் சிவப்பாக இருப்பதைக் கண்டு விளக்குதான் சிவப்பு என்று தீர்மானித்து, நீலத்தையும் பச்சையையும் ஏற்றிச் சமன்செய்கிறது. தூக்கிய வெளிச்சமும் ஏற்றிய பச்சையும் சேர்ந்தால் அரக்கு செங்கல் ஆகாமல் என்ன செய்யும்?

சேலையின் ஓரத்தில் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து, அதைக் கொண்டு வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) ஒளியளவையும் கையால் நிலைநிறுத்துங்கள். ஏ4 தாள் வேண்டாம். அதில் வெளுப்பூட்டி கலந்திருப்பதால், புற ஊதாக் கதிர் பட்டதும் தானே சற்று நீலமாக ஒளிரும். அதை நம்பிச் சமன்செய்தால் படம் மஞ்சளடிக்கும்.

பதில் 2: ராணிப்பேட்டை ஷேடு

நான் தோல் பதனிடும் தொழிற்சாலையில் நிறம் பொருத்தும் பிரிவில் இருக்கிறேன். முந்தானைச் சிக்கல் எங்களுக்கு அன்றாடம் உள்ளது. கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் மூன்று வகை. எந்த ஒளி வந்தாலும் அவை மூளைக்குக் கொடுப்பது மூன்று அளவுகளைத்தான். எனவே முற்றிலும் வெவ்வேறான இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் அதே மூன்று அளவுகளைக் கொடுத்து ஒன்றாகத் தெரியலாம். விளக்கு மாறியதும் பிரிந்துவிடும். சாயக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அவர் நிறத்தைப் பொருத்தியிருக்கிறார், ஆனால் வேறு சாயக் கலவையால் பொருத்தியிருக்கிறார்.

வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளியும் அதனால் ஒளிரும் மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்தது. அடர் சிவப்புப் பகுதியில் மெலிந்திருக்கும். டப்பாவில் சி.ஆர்.ஐ. (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 80 என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். அந்த எண் முதல் 8 வெளிர் நிற மாதிரிகளின் சராசரி. அடர் சிவப்பு 9ஆவது மாதிரி, அது கணக்கிலேயே வராது. அரக்கு நெய்பவருக்கு அந்த 9ஆவதுதான் முக்கியம்! எங்களிடம் பகல் ஒளி, கடை டியூப், பழைய குண்டு பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்க்க விளக்குப் பெட்டி இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை. பாவு (நீளவாக்கு நூல்) பூட்டுவதற்கு முன் இரண்டு நூல் கழிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காலை வெளிச்சத்தில் வாசலில் ஒரு முறை, குண்டு பல்பின் கீழ் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதில் 3: சத்துவாச்சாரி ஸ்டூடியோ

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் வாசலில் நேர் வெயிலில் வைத்துப் படமெடுத்துவிடாதீர்கள். ராணி நிறம், மிளகாய்ச் சிவப்பு போன்றவற்றில் சிவப்பு எண் 255ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். பிறகு மடிப்பும் புட்டாவும் ஒரே தீற்றலாகிவிடும். திண்ணை நிழலில் எடுத்து, ஒளியளவை ஒரு படி குறைத்து வையுங்கள்.

மயில்கழுத்து தனிக் கதை. பாவு ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று மேலோங்கும். ஒரே கோணத்தில் நிற்கும் படத்தில் அந்த மாற்றம் அடங்காது. மடிப்பு மடிப்பாகப் போட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் நீலமும் பச்சையும் ஒரே படத்தில் விழும்.

விரிப்பையும் கவனியுங்கள். பாரிஸ் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ருலிடம், கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்தன என்று அவர் கண்டறிந்து, அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839இல் வெளியிட்டார். பச்சைப் பாய்மேல் விரித்த அரக்கு இன்னும் சிவப்பாகத்தான் தெரியும். சாம்பல் துணி விரியுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. திண்ணையில் சாம்பல் போர்வை விரித்து எடுத்தேன்; அரக்கு அரக்காகவே வந்துவிட்டது, சந்தனமும் தேறிவிட்டது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது சரிகை ஓரத்தில் சிவப்பு கசிந்தது. அதையே ஆவணமாக அனுப்பியதும் அந்தக் கசிவு இல்லை. நூல் கழிகளைக் குண்டு பல்பின் கீழ் வைத்ததும் என் மனைவியே இரண்டும் வேறு என்று சொல்லிவிட்டாள். வாங்குபவரின் திரை எப்படிக் காட்டும் என்பதுதான் இன்னும் என் கையில் இல்லை. அதனால் விலை கூடிய சேலைகளுக்கு, முன்பணம் வாங்குவதற்கு முன்பே அதே பட்டில் ஒரு சாண் நூலை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன்.