காம்போடு பறித்த பூ: மாடித்தோட்டத்துப் பூக்களை ஜாடியில் வைத்த அனுபவங்கள்

மாடித்தோட்டம், புது வண்ணாரப்பேட்டை

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஒரு நாளைக்கு நாலு செம்பருத்தி, ஒரு ரோஜா, ஒரு கொத்து இட்லிப்பூ. மாலை கட்டப் போதாது, ஒரு முழம் சரம் தொடுக்கவும் காணாது. சாமி படத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று வைத்தால் தீர்ந்தது. இவ்வளவு கொஞ்சமான பூவை வைத்தே ஜப்பான்காரர்கள் ஒரு பெரிய கலையைச் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம் மாதிரி இடம் இல்லாதவர்களுக்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது இக்கேபானா.

என் நாத்தனார் அதற்கான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு முறை வீட்டுக்கு வந்தவள் நேரே மாடிக்குப் போய், செம்பருத்தியை ஒரு முழ நீளக் கிளையோடு வெட்டிக்கொண்டு இறங்கினாள். மாமியார் பதறிப்போனார். "இன்னாடி, கிளையோட வெட்டிட்டே? செடி பட்டுப் போயிடும்டி!" அவள் பதில் பேசாமல் பையிலிருந்து கென்சானை எடுத்து, கறை படிந்த ஒரு பீங்கான் தட்டில் வைத்தாள். கென்சான் என்பது ஈய அடியில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும் ஒரு வில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல கனம். அதில் கிளையைக் குத்தினால் சாய்த்த கோணத்தில் அப்படியே நிற்கும்.

அவள் சொன்ன அளவு சொகெட்சு என்ற பள்ளியுடையது. தெஷிகஹாரா சோஃபு என்பவர் 1927ல் தொடங்கிய பள்ளி அது. பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதில் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முதல் கிளை. அதில் முக்கால் பங்கு இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் பங்கு மூன்றாவது. எங்கள் தட்டு 8 அங்குல அகலம், 2 அங்குல உயரம். ஆக முதல் கிளை 15 அங்குலம், அடுத்தது 11, அதற்கடுத்தது 8 என்று வந்தது. முதல் கிளை செங்குத்துக் கோட்டிலிருந்து 15 டிகிரி சாய்ந்தால் போதும். இரண்டாவது அதே பக்கம் 45 டிகிரி. மூன்றாவது எதிர்ப்பக்கம் 75 டிகிரி, கிட்டத்தட்ட படுத்த மாதிரி. மூன்றையும் நேர்மேலே நீட்டாமல், பார்ப்பவர் பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்க்க வேண்டும்.

நீளக் கிளையில் மொட்டும் இலையும் மட்டும். விரிந்த பூ ஒன்றே ஒன்று, கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில். தட்டில் பாதி இடம் வெறும் தண்ணீர். மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மீதிப் பூ எங்கே?" என்று கேட்டார். சாமிக்கு வையுங்கள் அம்மா என்று கையில் கொடுத்தாள் மகள்.

அன்றிலிருந்து எனக்குப் புரிந்த விஷயம் இதுதான். நாம் பூவைக் கிள்ளியே பழகியவர்கள். தொடுப்பதற்கு ஒரு துளி காம்பு இருந்தால் போதும், மிச்சமெல்லாம் செடியிலேயே நின்றுவிடும். நம் கண்ணும் பூவின் முகத்தோடு நின்றுவிடுகிறது. செம்பருத்திக் கிளை எப்படி வளைகிறது, மொட்டு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, இலைக்கு அடிப்புறம் என்ன நிறம் என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிற செடிதான்.

மாமியாரின் பயத்துக்கும் பதில் செடியே சொன்னது. செம்பருத்தி புதுத் தளிரில்தான் மொட்டு விடும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து பக்கக் கிளை கிளம்பும். இட்லிப்பூவும் அப்படித்தான், கொத்து கிளை நுனியில் வருவதால் கிளை கூடக்கூடக் கொத்தும் கூடும். இப்போது மாமியாரே, "அந்தப் பக்கம் அடர்ந்துபோச்சு, வெட்டிக்கோ" என்கிறார்.

நீங்களும் வைத்துப் பார்த்திருந்தால் எழுதுங்கள். எந்தப் பூ, எதில் வைத்தீர்கள், எத்தனை நாள் நின்றது என்று சொன்னால் எல்லாருக்கும் உதவும்.

வலைக்காரன், காசிமேடு

அக்கா, நான் கென்சான் கடையில் வாங்கவில்லை, வீட்டிலேயே செய்தேன். எங்கள் பக்கம் வலைக்குக் கட்டுகிற ஈயம் தாராளமாகக் கிடைக்கும். பாரிமுனை ஆணிக் கடையில் தலை தட்டையான பித்தளை ஆணி வாங்கினேன். வாயகன்ற சின்ன டப்பா மூடிக்குள் ஆணிகளைத் தலைகீழாக, ஒரு அரிசி மணி இடைவெளி விட்டு நிறுத்தி, நடுநடுவே ஈயத் துண்டுகளைப் போட்டு, சிமெண்டுப் பாலை மெதுவாக ஊற்றினேன். ஆணி சாயாமல் இருக்க மேலே ஒரு தெர்மோகோல் துண்டை அழுத்தி வைத்தால் போதும், காய்ந்ததும் எடுத்துவிடலாம். கனம் இருப்பதால் பெரிய கிளையைக் குத்தினாலும் கவிழ்வதில்லை. ஈயத்தை உருக்க மட்டும் யாரும் முயற்சி பண்ணாதீர்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. தொட்ட பிறகு கை கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தடித்த கிளையைக் குத்தும்போது அடியைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் கூட்டல் குறி மாதிரி கீறிவிட்டால் ஊசி நன்றாக இறங்கும். முதலில் நேராகக் குத்திவிட்டு அப்புறம் சாய்க்க வேண்டும். மெல்லிய காம்பு ஊசிக்கு நடுவே ஆடினால் அதன் அடியில் இன்னொரு காம்புத் துண்டைச் சேர்த்து நூலால் கட்டிக் குத்தலாம்.

என் முதல் அலங்காரம் நித்தியகல்யாணிதான். வாசலில் தானாக முளைத்தது. அம்மா அதைச் சுடுகாட்டுப் பூ என்று சொல்லி வீட்டுக்குள் விடமாட்டார். கிளையோடு, ஒரு பக்கம் சாய்த்து வைத்ததைப் பார்த்ததும், "இது எந்த ஊர்ப் பூடா?" என்று கேட்டார்.

கடற்கரைக்காரி, திருவொற்றியூர்

எங்கள் வீட்டில் தோட்டம் கிடையாது. மாடியும் வீட்டு உரிமையாளருடையது. ஆனால் கரையோரம் மணல் மிச்சம் இருக்கிற இடங்களில் அடப்பங்கொடி படர்ந்து கிடக்கிறதே, அதைத்தான் நான் வைத்தேன். நெய்தல் திணைப் பாட்டுகளில் வரும் அடும்பு இதுதான். ஆட்டுக்குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ.

ஜப்பானின் தேநீர்க் கலைஞர் ரிக்யூவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் தோட்டத்தில் அசகாவோ பூக்கள் கொள்ளையாகப் பூத்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு, அன்றைக்கு நாட்டையே ஆண்ட ஹிதெயோஷி காலையில் பார்க்க வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூ கூட இல்லை. எல்லாவற்றையும் ரிக்யூ வெட்டிவிட்டிருந்தார். ஆத்திரத்தோடு தேநீர் அறைக்குள் குனிந்து நுழைந்தவருக்கு எதிரே ஒரே ஒரு பூ. அந்த அசகாவோவும் நம் அடப்பங்கொடியும் ஒரே குடும்பம். இரண்டும் காலையில் விரிந்து வெயில் ஏற ஏறச் சுருங்கும்.

கதையைப் படித்த மறுநாள் காலை நடைக்குப் போனபோது, பூவும் மொட்டும் உள்ள ஒரு கொடித்துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன். மணலைப் பிடித்து வைக்கிற கொடி அது, அதற்கு மேல் எடுக்க எனக்கு மனசு வராது. கொசப்பேட்டையில் வாங்கிய மண் தட்டில் விளிம்புக்கு வெளியே வழிகிற மாதிரி விட்டேன். மண் தட்டு தண்ணீர் கசியும், உள்ளே ஒரு சின்னக் கிண்ணம் வைத்தால் மேசை நனையாது. பதினோரு மணிக்கெல்லாம் பூ சுருங்கிவிட்டது. மறுநாள் அந்த மொட்டு விரிந்தது. காலை ஏழு மணிக்குத்தான் அழகு என்றால் ஏழு மணிக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். நான் டீயை அங்கேதான் குடித்தேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, பெரம்பூர்

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அரளி ஜாடியில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் செடி முழுக்க விஷம். அது நின்ற தண்ணீரும் விஷம்தான். குழந்தை, பூனை, நாய் இருக்கிற வீட்டில் கைக்கெட்டும் மேசையில் அரளி வேண்டாம். நான் அந்த இடத்துக்கு நந்தியாவட்டையின் இலைக்கிளையை வைக்கிறேன். அதையும் வெட்டினால் பால் வடியும். வடிந்து முடியும் வரை தனியாக ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, அப்புறம் ஜாடிக்கு மாற்ற வேண்டும். அந்தப் பாலும் வாயிலோ கண்ணிலோ படக்கூடாது, கையைக் கழுவிவிட்டு, இதையும் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஓய்வுபெற்றவன், கொளத்தூர்

நான் தட்டுப் பக்கம் போகவில்லை, உயரமான ஜாடிதான் என் விருப்பம். அதற்கு நாகெய்ரே என்று பெயர். தட்டில் வைக்கும் மோரிபானா பிறகு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மேல்நாட்டுப் பூக்கள் ஜப்பானுக்குள் வரத் தொடங்கிய சமயத்தில், ஒஹாரா உன்ஷின் என்பவர் உண்டாக்கிய முறை அது. இதற்கெல்லாம் மூத்தது கியோட்டோவின் ரொக்காகுடோ கோயிலில் வளர்ந்த இக்கெனோபோ. அந்தக் கோயில் துறவி சென்கெய் பூ அலங்கரித்ததைப் பற்றி 1462ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றில் குறிப்பு இருக்கிறது. புத்தருக்குப் பூ வைப்பதில் தொடங்கியது என்பதால், சாமி மாடத்துக்குப் பூ வைக்கிற நம் வீடுகளுக்கு இது அந்நியமே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

நாகெய்ரேக்கு ஊசி வில்லை தேவையில்லை, ஒரு குச்சி போதும். ஜாடி வாயின் உள் அகலத்தைவிட ஒரு நூல் கூடுதலாகப் பச்சைக் கொய்யாக் குச்சியை வெட்டி, வாய்க்குச் சற்றுக் கீழே குறுக்காக இறுக்கிச் செருக வேண்டும். கொய்யாக் குச்சி வளைந்து கொடுக்கும், உடையாது. பூக்கிளை அந்தக் குச்சியில் ஒரு இடத்திலும், ஜாடியின் உட்சுவரில் இன்னொரு இடத்திலும் சாயும். இந்த இரண்டு பிடிமானம் இருந்தால் கிளை சுழலாது. ஜாடி கண்ணாடியாக இருந்து குச்சி தெரிந்தால் வாயருகே ஒரு இலையைத் தாழ விடலாம். தட்டு அலங்காரக்காரர்கள் ஊசி வில்லையை மறைக்க எங்கள் கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு வரலாம். தொட்டியில் போடுகிற கூழாங்கல் எல்லா நிறத்திலும் கிடைக்கும், நான் கறுப்பைத்தான் சொல்வேன்.

என் மாடியில் சம்பங்கிதான் அதிகம். கிழங்கை மணல் கலந்த தொட்டி மண்ணில் வைத்து, முழு வெயிலில் விட்டால் போதும். பூக்காரரிடம் சம்பங்கியை உதிரியாகவோ மாலையாகவோதான் வாங்குவோம், அதன் தண்டு எவ்வளவு உயரம் என்பது பலருக்குத் தெரியாது. தண்டோடு வெட்டி ஜாடியில் நிறுத்தினால் அடியிலிருந்து மேலே வரிசையாக விரிந்துகொண்டே போகும். கீழ்ப்பூ வாடினதும் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் மேல் மொட்டுக்குத் தெம்பு போகும். உச்சி மொட்டுகள் சில விரியாமலே நின்றுவிடும். ராத்திரி மின்சாரம் போனால் வாசனையை வைத்தே ஜாடி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வெட்டும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது என்று என் அம்மா சொல்வார், நானும் தொடுவதில்லை. விடியற்காலையில் தண்டில் தண்ணீர் நிறைந்திருக்கும், அப்போது வெட்டுங்கள். மாடிக்குப் போகும்போதே ஒரு வாளித் தண்ணீரோடு போக வேண்டும். கீழே வந்ததும் தண்டின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து இன்னொரு அங்குலம் வெட்டுவதை ஜப்பானியர்கள் மிசுகிரி என்கிறார்கள். காற்றில் வெட்டினால் தண்டின் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து தண்ணீர் ஏற விடாது. இதை விட்டுவிட்டு எதைச் செய்தாலும் பூ சீக்கிரம் தலை தொங்கும்.

அனல் காற்று, எண்ணூர்

ஐயா சொன்னது அத்தனையும் செய்தும் எனக்கு மறுநாளே வாடியது. காரணம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊசி வில்லையைச் சுற்றி வெள்ளையாகப் படிவதைப் பார்த்துத்தான் பிடிபட்டது. இப்போது ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன். அதில் உப்பே கிடையாது. ஏசி இல்லாதவர்கள் குழாயில் வருகிற மெட்ரோ தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று, இங்கே இலை மேல் சாம்பலும் தூசியும் ஏறிவிடுகிறது. வெட்டிய கிளையை அப்படியே வாளியில் முக்கி அலசிவிட்டு, ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறேன். முன்பு இதை வேலையாக நினைத்தேன். இப்போது பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து துடைக்கிறான்.

மாடித்தோட்டம், புது வண்ணாரப்பேட்டை

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன மாதிரி கூட்டல் கீறல் போட்டுப் பார்த்தேன், செம்பருத்திக் கிளை அசையாமல் நிற்கிறது.

தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், தண்ணீருக்குள் இலை இருக்கக்கூடாது. அழுகினால் கிருமி பெருகித் தண்டை அடைத்துவிடும். வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் ஜாடியை வைக்காதீர்கள். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதுமையாக்கும். சாமி மாடத்தில் பழமும் பூவும் சேர்ந்தே இருப்பதால் நான் ஜாடியைக் கூடத்து ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன்.

செம்பருத்தி ஒரு நாள்தானே என்று தயங்குகிறவர்களுக்கு: அது தண்ணீர் இல்லாமலும் அந்த ஒரு நாள் விரிந்தே நிற்கும். அதனால் கிளையை அப்படியே விட்டுவிட்டு, காலையில் பூவை மட்டும் மாற்றினால் போதும். பல நாள் நிற்க வேண்டும் என்றால் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் இருக்கின்றன. காகிதப்பூவுக்கு இலையையெல்லாம் உருவிவிட்டு, கிளை முழுவதையும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால் ஓரளவு தாங்குகிறது.

பக்கத்து வீட்டில் பவழமல்லி மரம் இருக்கிறது. விடிவதற்குள் உதிர்ந்துவிடும் பூ என்பதால் அதை எப்படி வைப்பது என்று பிடிபடவில்லை. சாயங்காலம் மொட்டோடு கிளையை வெட்டித் தட்டில் வைத்து, உதிர்கிற பூ தண்ணீரில் விழட்டும் என்று விடலாமா என யோசிக்கிறேன். கொளத்தூர் ஐயா, விளக்கு வைப்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறேன். யாராவது செய்து பார்த்திருந்தால் மொட்டு தட்டில் விரிந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.