வேலையை நானே விட்டுவிட்டேன். விரல்கள் போனதற்கான இழப்பீடும் போய்விட்டதா?

திருமங்கலத்துக்காரன் (கேள்வி):

கப்பலூர் பக்கத்தில் உள்ள ஓர் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் மூன்று ஆண்டு பத்து மாதம், தகட்டை அழுத்திப் பாத்திரமாக்கும் பவர் பிரஸ் இயந்திரம் ஓட்டினேன். மாதச் சம்பளம் 14,000 ரூபாய். கையில்தான் கொடுப்பார்கள், சீட்டு எதுவும் கிடையாது. பெரிய தாம்பாளம் அடிக்கும்போது வேலை தாமதமாகிறது என்று மேஸ்திரி இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பான கார்டைக் கழற்றி வைத்துவிட்டார். திரும்ப மாட்டித் தரும்படி இருமுறை கேட்டேன். 2024 ஆகஸ்டில், டை எனும் அச்சிலிருந்து தகட்டை எடுக்கும்போது பிரஸ் இறங்கி, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. அப்போது எனக்கு 35 வயது.

பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது; மூன்று மாதம் சம்பளமின்றி வீட்டில் இருந்தேன். முதலாளி 25,000 ரூபாய் கொடுத்து, 'கணக்கு முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். திரும்பிப் போனபோது அதே இயந்திரத்தில், அப்போதும் கார்டு இல்லாமல், என்னை உட்கார வைத்தார்கள். பயம் தாங்காமல் 2025 ஜனவரியில் நின்றுவிட்டேன். இப்போது மாமனாரின் டீக்கடையில் இருக்கிறேன்.

சென்ற வாரம் போய்க் கேட்டதற்கு, 'நீயாக நின்றவனுக்கு என்ன கொடுப்பது? கார்டு இல்லாத இயந்திரத்தில் கைவிட்டது உன் தப்பு' என்கிறார். பட்டறையில் ஏழு பேர்தான் வேலை செய்தோம், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் கிடையாது. எனக்கு உரிமை ஏதும் மிச்சம் இருக்கிறதா?

பழைய சங்கத்துக்காரர்:

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் நீடிப்பது ஓர் உரிமை. அதை நீங்கள் ராஜினாமா செய்து முடித்துவிட்டீர்கள். காயத்துக்கான இழப்பீடு வேறு உரிமை. அது பிரஸ் இறங்கிய அந்த நாளிலேயே உங்களுக்குப் பிறந்துவிட்டது, ஐந்து மாதம் கழித்து நீங்கள் நின்றதால் அது செத்துப்போகாது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததா என்று கேட்கிறதே தவிர, காயம்பட்டவர் இன்னும் அதே பட்டறையில் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. மின்சாரத்தால் இயங்கும் பட்டறை என்றால் ஏழு பேர்தான் என்பதும் அந்தச் சட்டத்துக்குத் தடையில்லை. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தாலும், உங்கள் விபத்து அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டத்தின் கணக்கே உங்களுக்குப் பொருந்தும்.

கார்டைப் பற்றி அவர் சொல்வதும் நிற்காது. பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று அதைக் கழற்றினாலோ புறக்கணித்தாலோதான் முதலாளிக்கு அது ஒரு வாதம். மேஸ்திரி கழற்றி, நீங்கள் திரும்பக் கேட்டும் மாட்டாதது அவர் மீதே திரும்பும் சாட்சியம்.

கணக்கைச் சொல்கிறேன். சட்டத்தின் முதல் அட்டவணைப்படி ஒரு கையில் இரண்டு விரல்களை இழப்பது 20 சதவீத சம்பாத்திய இழப்பு. சம்பளத்தில் 60 சதவீதம் 8,400 ரூபாய். வயதுக்கேற்ப சட்டம் தரும் பெருக்குக் காரணி 35 வயதுக்கு 197.06, இரண்டையும் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 3,31,060 ரூபாய் வருகிறது. விபத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். வீட்டில் இருந்த மூன்று மாதத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் கால் பங்கு, அதாவது 3,500 ரூபாய் வீதம் கொடுத்திருக்க வேண்டும். மருந்துச் செலவின் ரசீதுகள் இருந்தால் அதையும் கேட்கலாம்.

அந்தத் தாளைக் கண்டு அஞ்ச வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. மொத்தத் தொகைக்குச் செய்துகொள்ளும் உடன்பாட்டை, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். இந்த வகைத் தாள்களை எந்த முதலாளியும் பதிவு செய்து நான் பார்த்ததில்லை. பதியாத உடன்பாட்டில் கொடுத்த தொகையில், ஆணையர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது.

அஞ்ச வேண்டியது நாட்காட்டிக்குத்தான். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். உங்களுக்கு 2026 ஆகஸ்டில் அது முடிகிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம் என்றாலும், அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

லேத்து ராசா:

அண்ணன் அவர்களுக்கு, எனக்கு 2019-இல் இடது கட்டைவிரல் போயிற்று. நானும் வேலையை விட்ட பிறகுதான் மதுரையில் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட்டேன். நான் பட்ட பாட்டில் சொல்கிறேன், சட்டத்தைவிட ஆவணம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அங்கே வேலை பார்த்தேன் என்பதையே எதிர்த் தரப்பு மறுத்துவிட்டது. சம்பளச் சீட்டு இல்லாத எனக்குக் கைகொடுத்தது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் 'பட்டறையில் இயந்திரத்தில் சிக்கி' என்று முதல் நாளே எழுதியிருந்த ஒரு வரிதான். ஆகவே பெரியாஸ்பத்திரியில் அந்தப் பதிவேட்டின் நகலை முதலில் வாங்குங்கள். உங்கள் முதலாளி கையெழுத்து வாங்கிய தாளின் படம் செல்பேசியில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அவர் எழுதி வாங்கிய தாளே நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி.

திருமங்கலத்துக்காரன்:

தாளின் படம் இருக்கிறது. இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: ஏழு பேர் என்று சொன்னது பிரஸ், லேத்து ஆட்களை மட்டும்தான். பாலிஷ் போட நான்கு பேர் ஒப்பந்தக்காரர் மூலம் தினமும் அதே கூடத்துக்கு வருவார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

வடக்குமாசி வழக்கறிஞர்:

நண்பரே, சேர்த்தே ஆக வேண்டும். அந்த நான்கு பேர் உங்கள் வழக்கின் போக்கையே மாற்றக்கூடும். மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்கூடத்தில், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தாலே ஈ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தும், முதலாளி பதிவு செய்யவில்லை, பிடித்தம் செய்யவில்லை என்பது தொழிலாளியின் உரிமையைப் பறிக்காது. ஈ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குப் பயனைக் கொடுத்துவிட்டு, தவறிய முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். நிரந்தர ஊனத்துக்கு அங்கே ஆயுள் முழுவதும் மாதப் பணம் உண்டு: உங்கள் சம்பளத்துக்கு 20 சதவீத இழப்பு என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், ஏறத்தாழ 2,500 ரூபாய். வேலையை விட்டவருக்கும் அது நிற்காது.

ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. பொருந்துமானால், முந்தைய நண்பர் கணக்கிட்ட இழப்பீட்டை முதலாளியிடம் கேட்க ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடை போடுகிறது. இரண்டையும் பெற முடியாது. ஆணையர் முன் 'ஏழு பேர்தான்' என்பதா, 'பதினொரு பேர், ஆகவே ஈ.எஸ்.ஐ.க்குப் போ' என்பதா என்று உங்கள் முதலாளி இன்னும் முடிவு செய்திருக்கமாட்டார்! எனவே ஆகஸ்டுக்கு முன் ஆணையரிடம் மனுவைப் போட்டுக் காலவரையறையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுதி, ஈ.எஸ்.ஐ.யின் மதுரை அலுவலகத்திலும் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பத்துப் பேர் என்று நிலைநாட்டினால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. ஐந்து ஆண்டு முடியவில்லையே என்று பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். விபத்தால் முன்பு செய்த வேலையைச் செய்ய இயலாமல் போனவருக்கு அந்த ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. மூன்று ஆண்டு பத்து மாதத்தை நான்கு ஆண்டாகக் கொண்டு, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஆண்டுக்கு 15 நாள் வீதம் கணக்கிடும் முறையில் 32,307 ரூபாய் வரும். ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தால் மட்டும் இதில் இழுபறி வரும். என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?

20 சதவீதத்தோடு நின்றுவிடவும் தேவையில்லை. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு, ஒரு கையால் தச்சு வேலை பார்க்க முடியாது என்பதால் முழு இழப்பு என்று கணக்கிட்டதை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டு விரலுக்கு அந்த அளவு கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வலது கையால் பிரஸ் ஓட்டியவர் என்ற அடிப்படையில் கூடுதலாகக் கேட்க வழி இருக்கிறது, அவ்வளவுதான். கட்டணத்துக்குக் கவலை வேண்டாம், தொழிலாளி என்ற முறையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

திருமங்கலத்துக்காரன்:

கடிதமே கொடுக்கவில்லை ஐயா. 'இந்த இயந்திரத்தில் இனி உட்கார மாட்டேன்' என்று மேஸ்திரியிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். பாலிஷ் ஆட்களில் இருவர் அப்போது பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் மாலையில் எங்கள் டீக்கடைக்குத்தான் வருவார்கள். இன்று பேசிப் பார்க்கிறேன். திங்கட்கிழமை பதிவேட்டு நகலுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.