புதுப்பிப்பு: அம்மாவின் போன் எண்ணைக் கேட்டு வாங்கிய கடை

போன மாதம் எழுதியிருந்தேன்: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அம்மாவுக்கு உறுப்பினர் அட்டை எடுத்தோம், இரண்டே வாரத்தில் காப்புறுதி முகவர்கள் அம்மாவைப் பெயர் சொல்லியே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நீங்கள் பலர் சொன்னபடி, எண்ணை நீக்கச் சொல்லியும் அதை யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்றும் கடையிடம் எழுத்தில் கேட்டேன். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 43ஆவது பிரிவின்படி விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்று சொல்லலாம். இரண்டையும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும், போனில் சொன்னால் போதாது.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது, கூடவே அம்மா கையெழுத்திட்ட பாரத்தின் படமும். கையெழுத்துக்குக் கீழே எறும்பு எறும்பாக, ஆங்கிலத்தில் மட்டும், மற்ற நிறுவனங்களுடன் பகிரலாம் என்று ஒரு வரி. பக்கத்துக் கட்டத்தில் டிக் அச்சிலேயே இருக்கிறது, அம்மா போட்டதல்ல! இதைச் சம்மதம் என்று நான் ஏற்கவே மாட்டேன். சட்டப்படி, தரவை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் இருக்க வேண்டும்.

எண்ணை நீக்கிவிட்டார்களாம். சரி, யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் பதிலே இல்லை. நேற்றும் ஒரு அழைப்பு வந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் அனுப்பிவிட்டேன்.