வழிநடைப் பாடலும் தாலாட்டும் வீட்டு ஒலிப்பதிவில்: இலவச இசைக்கோர்ப்பு மென்பொருள்கள் குறித்துச் செட்டிநாட்டு அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி செல்லும் பாதயாத்திரையில் எங்கள் வீட்டார் பாடிவரும் வழிநடைப் பாடல்களையும், ஆயா பேரப்பிள்ளைகளுக்குப் பாடும் தாலாட்டையும் வீட்டிலேயே பதிந்து, அளவான பின்னணி இசை சேர்த்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் போகாமல், இலவசமாகக் கிடைப்பவற்றைக் கொண்டு இதை எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்று பழகிப் பார்த்ததில், எல்எம்எம்எஸ் என்ற மென்பொருளோடுதான் எனக்கு நெருக்கம் ஏற்பட்டது. 2004ஆம் ஆண்டு லினக்ஸ் கணினிகளுக்காகத் தொடங்கப்பட்ட இந்தக் கட்டற்ற மென்பொருள் (மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடியது), இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குகிறது. எந்தச் சுரம், எந்த நொடியில், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளை வரிசைப்படுத்தி வைத்து, அவற்றை நாம் தேர்ந்த வாத்தியத்தின் ஒலியில் இசைத்துக் காட்டுவதே இதன் முதன்மையான வேலை.

திறந்தவுடன் 4/4 என்ற தாள அளவும், நிமிடத்துக்கு 140 என்ற வேகமும், தாளக்கட்டு அமைக்கும் பகுதியில் 16 கட்டங்களும் தயாராக இருக்கும். நம் ஊர்ப் பாடலைக் கொண்டுவருகிறவர் முதலில் மாற்ற வேண்டியவை இவைதான். எட்டு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட ஆதி தாளம், ஓர் அட்சரத்தை நான்கு மாத்திரைகளாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் இருந்தால் சிக்கல் இல்லை. எட்டு அட்சரத்துக்கு நான்கு வீதம் 32 மாத்திரைகள் ஆவதால், 16 கட்டங்களை 32 ஆக நீட்டிக்கொண்டால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முழுமையாக அமர்ந்துவிடும். மிஸ்ர சாப்புக்கு 7/8, கண்ட சாப்புக்கு 5/8 என்று தாள அளவை மாற்றிக்கொள்ளலாம். நடை மாறும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது. எல்எம்எம்எஸ் ஒரு கால் சுரத்தை (4/4 அளவில் ஓர் எண்ணிக்கையை) 48 நுண்பகுதிகளாகப் பிரிக்கிறது. அதற்குக் கீழே அது இறங்குவதில்லை. 48ஐ மூன்றால் வகுத்தால் 16, நான்கால் வகுத்தால் 12 என்று மீதமில்லாமல் வருவதால், மூன்றாகப் பிரியும் திஸ்ரமும் நான்காகப் பிரியும் சதுஸ்ரமும் துல்லியமாக ஒலிக்கின்றன. ஐந்தால் வகுத்தால் 9.6 வருகிறது; ஏழாலும் ஒன்பதாலும் வகுத்தாலும் முழு எண் கிடைப்பதில்லை. ஆகவே கண்டம் (5), மிஸ்ரம் (7), சங்கீர்ணம் (9) ஆகிய நடைகளை ஓர் அட்சரத்துக்குள் நேரடியாக அடைக்க முற்பட்டால், சில மாத்திரைகள் நீண்டும் சில குறுகியும் விழும். மெதுவான காலத்தில், கஞ்சிராவைக் கேட்டுப் பழகிய காது இதைக் கண்டுகொள்ளும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஓர் அட்சரத்தையே 5/8 அளவுள்ள ஒரு பட்டையாக (தாள அளவின் ஒரு சுற்றாக) வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாத்திரையும் அரைக்கால் சுரமாகி (கால் சுரத்தில் பாதி), 24 நுண்பகுதிகளைப் பிசகில்லாமல் பெறுகிறது. எட்டுப் பட்டைகள் சேர்ந்தால் கண்ட நடை ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். வேகத்தை மட்டும் புதிதாகக் கணக்கிட வேண்டும்: நிமிடத்துக்கு 60 அட்சரம் என்றால் 300 மாத்திரைகள், மென்பொருளின் வேக எண்ணிக்கை கால் சுரத்தை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், அங்கே 150 என்று இட வேண்டும். இதே முறையில் மிஸ்ர நடைக்கு 7/8, சங்கீர்ணத்துக்கு 9/8. திரையில் பட்டைகளின் எண்ணிக்கை பெருகித் தெரியுமே தவிர, கேட்பதற்கு நடை சுத்தமாக இருக்கும்.

அடுத்தது சுருதி. ஆயாவின் குரல் 5 கட்டைக்கும் 5½ கட்டைக்கும் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) நடுவே இயல்பாக நிற்கிறது. வயதில் மூத்தவரை மென்பொருளின் கட்டைக்கு ஏறவோ இறங்கவோ சொல்வது முறையல்ல; மென்பொருள்தான் அவரிடம் வர வேண்டும். எல்எம்எம்எஸ் உடன் வரும் டிரிபிள் ஆஸிலேட்டர் என்ற ஒலியாக்கியில் மூன்று அலைகளைத் தனித்தனியே சுருதி சேர்க்கலாம். முதல் அலையை அப்படியே வைத்து மத்திய சட்ஜம், இரண்டாவதை 5 அரைச்சுரம் இறக்கி மந்தர பஞ்சமம், மூன்றாவதை 12 அரைச்சுரம் இறக்கி மந்தர சட்ஜம் என்று அமைத்தால் தம்புராவின் அடிப்படை கிடைத்துவிடுகிறது. ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்பது கணக்கு. சம இடைவெளிச் சுரவரிசையில் பஞ்சமம் சட்ஜத்திலிருந்து 700 சென்ட்டில் நிற்கிறது. தம்புராவில் நாம் சேர்க்கும் இயற்கைப் பஞ்சமமோ ஏறக்குறைய 702. எனவே பஞ்சம அலையின் நுண்சுருதித் திருகியை 2 சென்ட் மட்டும் உயர்த்தினால், மெல்லிய அலைவு அடங்கிச் சுருதி ஒன்றிவிடுகிறது. பிறகு மூன்று அலைகளையும் சேர்த்து, பாடுபவரின் குரல் நிற்கும் இடத்துக்கு 30 அல்லது 40 சென்ட் நகர்த்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவிகள் இல்லாமலே இது கைகூடியது எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது.

குறையையும் சொல்லியாக வேண்டும். எல்எம்எம்எஸ் 1.2 வரிசைப் பதிப்புகளில் ஒலிவாங்கியிலிருந்து நேரடியாகக் குரலைப் பதிய வசதி இல்லை. வேறொரு மென்பொருளில் பதிந்த கோப்பைக் கொண்டுவந்து அடுக்கத்தான் முடியும். குரலே முதன்மையான நம் பாடல்களுக்கு இது கணிசமான குறை. இந்த இடத்தில் மற்றவர்கள் எதைக் கொண்டு சமாளிக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக உள்ளேன்.

தேவகோட்டையிலிருந்து

அண்ணன் கேட்ட கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் குரலிலிருந்து தொடங்குகிறவன். அதனால் ஆர்டோர் என்ற மென்பொருளைப் பிடித்துக்கொண்டேன். பால் டேவிஸ் என்பவர் 1999இல் எழுதத் தொடங்கிய இதில், பல தடங்களில் குரலைப் பதியவும், அதே திட்டத்தில் மிடி குறிப்புகளை (எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்பவை) வரிசைப்படுத்தவும் முடியும். இதன் மூல நிரல் கட்டற்றது. லினக்ஸ் களஞ்சியங்களிலிருந்து விலையின்றி நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸுக்கும் மேக்கிற்கும் ஆயத்த வடிவில் பதிவிறக்குபவர்களிடம் அவர்கள் தொகை கேட்கிறார்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸ் தொகுப்பை நிறுவினால் ஆர்டோரும், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளும் அதனுடனேயே வந்துவிடுகின்றன.

விலையில்லாததும் கட்டற்றதும் ஒன்றல்ல என்பதைக் கேக்வாக் என்ற இசைக்கோர்ப்பு மென்பொருளின் கதையைப் படித்தபோது நான் நன்றாக உணர்ந்தேன். 1987இல் பிறந்த அந்த மென்பொருளின் தயாரிப்பை, கடைசியாக அதை வைத்திருந்த கிப்சன் நிறுவனம் 2017 நவம்பரில் நிறுத்தியது. 2018இல் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி விலையில்லாமல் வெளியிட்டது. விண்டோஸில் இயங்கும் மிக நிறைவான கருவி அது, அதில் எனக்கு ஐயமில்லை. இருப்பினும் ஒரு நிறுவனத்தின் முடிவைப் பொறுத்துத் திறக்கவோ மூடவோ கூடிய பெட்டியில் குடும்பப் பாடல்களின் மூலப்பதிவை வைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

தாலாட்டைப் பற்றி ஒரு கருத்து. எங்கள் அப்பத்தா பாடும் தாலாட்டில் தாளம் உண்டு என்று சொன்னால் உண்டு, இல்லை என்றால் இல்லை. தொட்டில் ஆடும் வேகத்தை ஒட்டி வரி தொடங்கும். ‘ஆராரோ’ வரும் இடத்தில் குரல் தன் விருப்பப்படி நீண்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகே அடுத்த வரிக்கு வரும். காதில் தாளத்தைக் காட்டும் கிளிக் ஒலியை ஓடவிட்டு அதற்கு இசைவாகப் பாடச் சொன்னால், வரிகள் இருக்கும், தாலாட்டு இருக்காது. ஆகவே சுருதியை மட்டும் தலையணி வழியே மெல்லக் கொடுத்து, பாடியது பாடியபடி பதிகிறேன். பின்னணி வேண்டுமானால், பதிவு முடிந்த பிறகு, வரி தொடங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆர்டோரின் வேகக் குறிகளை ஒவ்வோர் இடத்திலும் மாற்றி இட்டு, கட்டங்களைக் குரலுக்கு ஏற்ப நெருக்கியும் தளர்த்தியும் அமைக்கிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் குரல் தலைமையேற்க, மென்பொருள் பின்தொடரும் இந்த வரிசையைத் தவிர வேறெதுவும் தாலாட்டுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

பாடும்போது தன் குரலே தாமதமாகத் தலையணியில் கேட்பதாகச் சிலர் கூறுவார்கள். அது இடையகத்தின் (கணினி ஒலியைக் கையாளுமுன் சிறிது சேர்த்து வைக்கும் இடம்) அளவைப் பொறுத்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில், 1,024 மாதிரி இடையகம் ஏறத்தாழ 23 மில்லிநொடித் தாமதத்தைத் தருகிறது. 256 என்று குறைத்தால் 6 மில்லிநொடிக்குள் வந்துவிடுகிறது. பதியும்போது சிறிய அளவும், கலவை செய்யும்போது பெரிய அளவும் வைத்துக்கொள்வது கணினிக்கும் நல்லது. விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் ஏசியோ4ஆல் என்ற இலவச இயக்கியைச் சேர்த்துக்கொண்டால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும்.

1940களில் ஏவி.எம். ஸ்டூடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இருந்து இயங்கியதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அன்று ஒரு பெரிய கொட்டகையும் ஆட்களும் தேவைப்பட்ட ஒலிப்பதிவு வேலையின் ஒரு பகுதியை, அதே மண்ணில், ஓர் அறைக்குள் செய்ய முடிகிறது என்பதை நினைத்து மகிழ்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து

தம்பிகள் இருவரும் மென்பொருளைப் பற்றி எழுதினீர்கள். பாடுகிறவள் என்ற முறையில் நான் அறையைப் பற்றிச் சொல்கிறேன். நம் வீடுகளின் கூடமான பட்டாலையும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவும் பாடுவதற்கு இன்பமானவை, பதிவதற்குக் கடினமானவை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கண்ணாடிபோல் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை ஆகிய மூன்றும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. ஒருமுறை பதிவில் கலந்துவிட்ட எதிரொலியை எந்த இலவச மென்பொருளாலும் முழுவதும் நீக்க முடியாது. எதிரொலி இல்லாத குரலுக்குப் பின்னர் வேண்டிய அளவு எதிரொலி சேர்ப்பதோ எளிது. ஆகவே வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகளில் மெத்தைகளும் துணி மூட்டைகளும் அடுக்கிய அறையைத் தேர்ந்தெடுத்து, தரையில் ஜமக்காளம் விரித்து, பாடுகிறவரின் முதுகுப்புறம் கனமான மெத்தையை நிறுத்தி, ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவில் வைக்கிறோம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். தடித்த சுவர்கள் தெருவின் ஓசையை நன்றாகத் தடுத்துவிடுகின்றன. வளவு முற்றத்துப் புறாக்களுக்கு மட்டும் கதவைச் சாத்தியாக வேண்டும்.

மீண்டும் காரைக்குடியிலிருந்து

ஆச்சி சொன்ன அறை ஏற்பாட்டையும், தம்பி சொன்ன வரிசையையும் ஏற்றுக்கொண்டு, குரலை ஆர்டோரில் பதிந்து, பின்னணியை மட்டும் எல்எம்எம்எஸ்ஸில் அமைத்து, இரண்டையும் ஆர்டோரில் சேர்க்கிறேன். இந்த இணைப்பு நன்றாகப் பொருந்துகிறது. வழிநடைப் பாடலுக்கு நேர்மாறான வரிசை சரியாக வருவதையும் கண்டேன்: நடக்கிற கால்களே தாளம் என்பதால், தாளக்கட்டை முதலில் அமைத்து அதன்மேல் எல்லோரும் கூடிப் பாடினால் குழுக்குரல் சிதறாமல் நிற்கிறது.

இனி, வாத்தியங்கள். இலவசமாகக் கிடைக்கும் சவுண்ட்ஃபாண்ட் தொகுப்புகள் (வாத்திய ஒலி மாதிரிகள் அடங்கிய கோப்புகள்) பெரும்பாலும் பொது மிடி முறையின் 128 வாத்திய வரிசையைப் பின்பற்றுகின்றன. அந்த வரிசையில் 105ஆவது எண்ணில் சிதார் இருக்கிறது, 112ஆவது எண்ணில் ஷெனாய் இருக்கிறது. வீணையும் நாகசுரமும் தவிலும் இல்லை. காரைக்குடி சகோதரர்களின் வீணையால் பெயர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு, வீணைக்குப் பதிலாகச் சிதாரை இட்டு நிரப்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஷெனாயை நாகசுரம் என்று கேட்க வைப்பதும் அப்படியே.

கமகத்துக்கும் (சுரத்தை அசைத்தும் இழுத்தும் ஒலிப்பதற்கும்) எல்லை இருக்கிறது. மிடி முறையில் சுருதி வளைவு 16,384 படிகளைக் கொண்டது என்பதால் நுணுக்கத்துக்குக் குறைவில்லை. வழக்கமான வீச்சு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே என்பதால், சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பில் போகும் ஜாருவுக்கு அந்த வீச்சை விரிவாக்க வேண்டும். எல்எம்எம்எஸ்ஸின் பியானோ ரோலில் (சுரங்களைக் கட்டங்களில் வரையும் திரையில்) தனித்தனிச் சுரத்துக்கும் வளைவு வரையும் வசதி இருக்கிறது. அதன் சொந்த ஒலியாக்கிகளில் அது நன்றாகவே செயல்படுகிறது. சங்கராபரணத்தில் அமைந்த எளிய மெட்டுக்கு இது போதும். தோடியின் காந்தாரத்தை இப்படி வரைந்து பார்த்தபோது, வளைவின் வடிவம் சரியாக இருந்தும் அசைவுக்குள் இருக்கும் அழுத்தமும் தளர்வும் வரவில்லை. அத்தகைய இடங்களில் வாத்தியக்காரரை அழைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவதே முறை.

தவிலுக்கு அப்படித்தான் செய்தேன். எங்கள் பக்கத்துக் கோயிலில் வாசிக்கும் வித்துவானிடம் நோக்கத்தைச் சொல்லி, சம்மதம் பெற்று, உரிய சன்மானம் கொடுத்து, தவிலின் இரு முகங்களான வலந்தலையிலும் தொப்பியிலும் விழும் அடிகளை ஒவ்வொன்றாக, மென்மையாகவும் நடுத்தரமாகவும் பலமாகவும் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டேன். ஒரே அடியை ஒரே அழுத்தத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் இயந்திரத் தன்மை உடனே தெரிந்துவிடும் என்பதால் இந்த மூன்று நிலைகளும் அவசியம். அவற்றை எல்எம்எம்எஸ்ஸின் ஆடியோஃபைல்ப்ராசஸர் என்ற கருவியில் ஏற்றி, திஸ்ர நடையில் வழிநடைப் பாடலுக்கான கட்டு ஒன்றை அமைத்திருக்கிறேன். வேல் குலுங்கும் சலங்கை ஒலியையும் அதே முறையில் சேர்த்தாயிற்று.

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற தரத்தில் ஒற்றைத் தடக் குரல் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இன்றைய வட்டுகளுக்கு இது பெரிதல்ல. உறவினர்களின் கைபேசிக்கு எம்பி3 போதும். வீட்டில் வைக்க வேண்டியவை, பின்னணி சேராத குரலின் வேவ் கோப்பும், திட்டக் கோப்பும், பாடியவர் யார், எந்தக் கட்டை, எந்த ஊர் வழக்கு என்ற எழுத்துக் குறிப்பும்.

தவில் அடிகளைப் பிறர் பயன்படுத்திக்கொள்ளவும் வித்துவான் மனமுவந்து இசைவு தந்திருக்கிறார். தேவைப்படுவோர் எந்தப் பாடல், எந்த நடை, எந்தச் சுருதி என்று தெரிவித்தால், அதற்குப் பொருத்தமான கோப்புகளைத் தொகுத்து அனுப்புகிறேன். மார்கழி பிறப்பதற்குள் கேட்டால், பாதயாத்திரைக்கு முன் பாடிப் பழக நேரம் இருக்கும்.