ஊனோ ஷீல்டு: டாட் போர்டில் ஊசிகள் பொருந்தவில்லை, ரிலே இயங்கினால் போர்டு ரீசெட் ஆகிறது

கேள்வி – மன்னார்குடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. குறுவைக்கு ஆற்றுநீரை மட்டும் நம்பியிருக்க முடியாமல் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையும் ஓட்டுகிறோம். அப்பா காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைக் கடைப்பிடிக்கிறார். வயலில் பதித்த துளையிட்ட பி.வி.சி. குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கிய பிறகே, மறுபடி 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டுவார். இதற்காக அவர் இரவிலும் டார்ச் விளக்கோடு வயலுக்குப் போகிறார். அந்த அலைச்சலைக் குறைக்க, நீர்மட்டத்தை உணர்ந்து மோட்டாரை இயக்கும் சிறிய ஷீல்டு (மேலே செருகும் துணைப் பலகை) ஒன்றை அர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்காகச் செய்துவருகிறேன்.

ஊனோவின் நான்கு செருகுதுளை வரிசைகளுக்கும் டாட் போர்டில் (வரிசையாகத் துளையிட்ட பலகையில்) ஊசிகளைப் பற்றவைத்தால், ஒரு வரிசை மட்டும் எப்படியும் செருகவில்லை. மேலும், பி.சி.547 டிரான்சிஸ்டர் வழியாக 5 வோல்ட் ரிலேயை (மின்சுருளால் இயங்கும் சுவிட்சை) இயக்கும்போது பலமுறை ஊனோ ரீசெட் ஆகி, முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. வீட்டிலேயே செம்புத் தகடு ஒட்டிய போர்டை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரித்துச் செய்தால் இவை சரியாகுமா?

பதில் 1 – கும்பகோணத்திலிருந்து

தம்பி, ஊசி பொருந்தாதது உங்கள் கைப்பிழை அன்று. ஊனோவில் 7-ஆம் காலுக்கும் (இணைப்பு முனைக்கும்) 8-ஆம் காலுக்கும் இடையே 0.16 அங்குல இடைவெளி இருக்கிறது. டாட் போர்டின் துளைகளோ 0.1 அங்குலத்துக்கு ஒன்றாக இருப்பவை. எனவே 8 முதல் 13 வரையுள்ள வரிசை எந்தத் துளையிலும் நேராக அமையாது. மற்ற மூன்று வரிசைகளும் ஒரே கட்டத்தில் ஒழுங்காக அமைந்திருப்பதால், அந்த ஒரு வரிசையை விட்டுவிட்டு மூன்றில் மட்டும் ஊசி வையுங்கள். உங்கள் வேலைக்கு நான்கைந்து கால்களே போதும். 0, 1 ஆகியவை யு.எஸ்.பி. தொடர்புக்கு உரியவை, அவற்றைத் தொட வேண்டாம். யு.எஸ்.பி. செருகியின் உலோகக் கூடு உங்கள் போர்டின் அடிப்புறப் பற்றுகளில் (ஈயம் வைத்த செம்பு வட்டங்களில்) இடிக்கக்கூடும்; அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

ரீசெட் ஆவதற்கு, ரிலேச் சுருளின் குறுக்கே டயோடு (ஒரே திசையில் மின்சாரத்தை விடும் பாகம்) இல்லாததுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்கும்போது எழும் எதிர்மின்னழுத்தம் டிரான்சிஸ்டரையும் தாக்கும், 5 வோல்ட் பாதையையும் கலக்கும். ஒரு 1என்4007 டயோடை, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம் இருக்கும்படி சுருளுக்குக் குறுக்கே வையுங்கள். இத்தகைய ரிலேச் சுருளின் தடை சுமார் 70 ஓம். அதாவது ஏறக்குறைய 70 மில்லியாம்பியர் இழுக்கும். பி.சி.547-இன் உச்ச வரம்பே 100 மில்லியாம்பியர் என்பதால், 2என்2222 டிரான்சிஸ்டர் பாதுகாப்பானது. டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (கட்டுப்படுத்தும் முனைக்கு) 470 ஓம் தடை கொடுங்கள். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்றையும் சேருங்கள். ரீசெட்டின்போது ஊனோவின் கால்கள் யாவும் உள்ளீடாக மாறி அந்தரத்தில் நிற்கும்; அந்த நேரத்தில் மோட்டார் தானாகக் கிளம்பாமல் தடுப்பது இந்த 10 கிலோ ஓம்தான்.

ஒரே ஒரு போர்டுக்காக அமிலக் குளியல் தேவையில்லை. அரித்த கரைசலில் செம்பு கலந்திருக்கும். அதை வாய்க்காலில் ஊற்றுவதை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. டாட் போர்டிலேயே முடித்துவிடுங்கள்.

பதில் 2 – நாகப்பட்டினத்திலிருந்து

நீர்மட்டத்துக்குக் கம்பிகள் வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இரு கம்பிகளுக்கும் இடையே எந்நேரமும் ஒரே திசையில் நேர்மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பு நடந்து, ஒரு கம்பி அரித்துப்போகும். செம்பாக இருந்தால் மிக விரைவில். எவர்சில்வர் கம்பிகளை எடுத்து, அவற்றை இரண்டு கால்களோடு 10 கிலோ ஓம் தடை வழியாக இணையுங்கள். ஒருமுறை முதல் காலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி மற்றதை 0 வோல்ட்டுக்குத் தாழ்த்தி அளந்து, அடுத்த முறை திசையை மாற்றி அளந்து, பிறகு இரண்டையும் தாழ்த்திவிட்டால் அரிப்பு பெரிதும் குறையும். வயல்நீர் மெதுவாகவே இறங்கும் என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாலே போதும். எங்கள் கடற்கரைக் காற்றில் செம்புப் பற்றுகள் பச்சை பூத்துவிடுகின்றன. சோதனை முடிந்ததும் போர்டின் இருபுறமும் வார்னிஷ் பூசுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. டயோடும் 10 கிலோ ஓமும் சேர்த்தபின் ரிலேயை ஐம்பது முறை இயக்கிப் பார்த்தேன். ஒருமுறைகூட ரீசெட் ஆகவில்லை. மூன்று வரிசை ஊசிகளும் சிரமமின்றி இறங்கிவிட்டன. இனி இந்த ரிலேயை மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக இணைக்கலாமா?

பதில் 1 – கும்பகோணத்திலிருந்து

பொறுங்கள், தம்பி. மும்முனை ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் சுருள் இரண்டு ஃபேஸ்களுக்கிடையே, அதாவது 415 வோல்ட்டில் இயங்கும். உங்கள் ரிலேயின் தொடுமுனைகள் 250 வோல்ட் வரைக்குமே உரியவை. டாட் போர்டின் பற்றுகளுக்கு இடையிலான இடைவெளியும் அந்த மின்னழுத்தத்துக்குப் போதாது. எனவே ரிலேயை ஷீல்டிலிருந்து கழற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். அது 230 வோல்ட் சுருள் கொண்ட ஒரு சிறிய கான்டாக்டரை (அதிக மின்னழுத்தம் தாங்கும் பெரிய ரிலேயை) மட்டும் இயக்கட்டும். அந்தக் கான்டாக்டரின் முனைகள் ஸ்டார்ட்டரை இயக்கட்டும். இந்த இணைப்பை உங்கள் ஊர் மின்பணியாளரைக் கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்த பிறகு செய்யுங்கள். ஈர வயலில் நின்று அப்பா தொடப்போகும் பொருள் அது. ஷீல்டின் மேல் 5 வோல்ட்டுக்கு மேல் எதுவும் வரக்கூடாது.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறேன், ஐயா. ஸ்டார்ட்டர் மூடியின் உட்புறம் பார்த்தேன். சுருளின் மேல் 415 என்றே அச்சிட்டிருக்கிறது.