பழைய சைடுபோர்டுக்கு உப்புத்தாள் போடலாமா?

இலுப்பை:
சாப்பாட்டு அறைக்குப் பழைய சைடுபோர்டு (பாத்திரம் வைத்துப் பரிமாறும் நீள மேசை அலமாரி) ஒன்று வாங்கியிருக்கிறோம். மஹோகனி, ஆனால் முழு மரம் இல்லை, வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டியது. ஆறு கால்கள், முன்பக்கம் லேசாக வளைந்து வரும். நிறம் நன்றாகக் கறுத்துவிட்டது. மேல்பலகையில் வெள்ளை வளையங்கள் நிறைய இருக்கின்றன, கறுப்பு வளையம் ஒன்றும் உண்டு. மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வார்னிஷ் அடிக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உளிச்சத்தம்:
தயவுசெய்து தேய்க்காதீர்கள். கையால் அறுத்த காலத்து வெனீர் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும். இயந்திரத்தில் சீவியது என்றால் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மின்சாரத் தேய்ப்பானை விளிம்பில் கொஞ்சம் அழுத்தினால் போதும், அடியில் இருக்கும் மட்டமான மரம் வெளியே வந்துவிடும். அதன்பிறகு எந்த ஆசாரியாலும் அதைச் சரிசெய்ய முடியாது, புது வெனீர்தான் ஒட்ட வேண்டும்.

உங்கள் வெள்ளை வளையம் மரத்தில் இல்லை, பாலிஷில் இருக்கிறது. அரக்குப் பாலிஷ் ஈரத்தை இழுத்து வெளுத்திருக்கிறது. துணியில் ஸ்பிரிட்டை (பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் சாராய ஸ்பிரிட்) தொட்டும் தொடாமலும் வைத்து, நிற்காமல் மேலாக வீசித் தடவினால் பெரும்பாலும் போய்விடும். கறுப்பு வளையம் வேறு விஷயம். தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, இரும்பும் மரத்தில் இயல்பாக உள்ள துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்து உண்டாகும் கறை அது. அந்த இடத்தில் மட்டும் பாலிஷை எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலம் வைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது நஞ்சு.

தினப்புழக்கம்:
உப்புத்தாள் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் பழைய பாலிஷைத் தொடவே கூடாது என்ற பேச்சை ஏற்க மாட்டேன். பிரெஞ்ச் பாலிஷ், அதாவது இந்த அரக்குப் பாலிஷ், பிரிட்டனில் பரவியதே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் செய்த மஹோகனிச் சாமான்களுக்கு எண்ணெய், மெழுகு, வார்னிஷ்தான். அவற்றில் எத்தனையோ பிற்காலத்தில் சுரண்டப்பட்டு, அரக்கு ஏற்றப்பட்டவை. நாம் இன்று 'அசல்' என்று கும்பிடும் பளபளப்பு பல நேரம் இரண்டாம் கையோ மூன்றாம் கையோ போட்டது.

இன்னொன்று. சைடுபோர்டு என்பது சூடான பாத்திரமும் ஈரமான குவளையும் வைக்கும் இடம். அரக்குக்குச் சூடு ஆகாது, சாராயம் ஆகாது, தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. அதற்கென்றே செய்த சாமானை அதற்கே பயன்படுத்தாமல் காட்சிக்கு வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

உளிச்சத்தம்:
முன்னால் ஒருவர் சுரண்டினார் என்பதற்காக நாமும் சுரண்டலாம் என்று ஆகாது. அரக்கின் பெரிய குணம் ஒன்று உண்டு. புதிதாகப் பூசுவது பழைய பூச்சை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிட்டால் எடுத்துவிடலாம். பாலியூரிதேன் இறுகிவிட்டால் ஸ்பிரிட்டுக்குக் கரையாது. நாளை அதில் கீறல் விழுந்தால் மறுபடி சுரண்டல்தான், மறுபடி வெனீர் தேயும். சூட்டுக்கு ஒரு கனமான விரிப்புப் போதும். அதற்காக மரத்தின் மேல் பிளாஸ்டிக் தோலைப் போர்த்த வேண்டுமா?

ஓரத்துமேசை:
இலுப்பை, வாதத்துக்கு நடுவே ஒரு அவசரச் செய்தி. பக்கவாட்டில் ஆழமான இழுப்பறை இருந்தால் உள்ளே ஈயத் தகடு அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஒயின் புட்டிகளை அதில் வைப்பார்கள், சிலவற்றில் குவளை அலசத் தண்ணீரும் ஊற்றி வைப்பார்கள். தகடு இருந்தால் அதைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, சாப்பிடும் சாமான் எதையும் அதற்குள் வைக்கவும் கூடாது.

இந்த வடிவம் வந்த கதையும் சுவையானது. முதலில் 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் போன்றவர்கள் பரிமாறும் மேசையைத் தனியாகவும், இரண்டு பக்கமும் பீடங்களைத் தனியாகவும் வைத்தார்கள். பீடத்தின் மேல் தாழி, உள்ளே தட்டு சூடாக்கும் வசதி. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே சாமானாகிவிட்டது. 1788இல் வெளிவந்த, ஹெப்பிள்வைட் என்ற ஆங்கிலேய மரச்சாமான் கலைஞரின் வடிவப் புத்தகத்தில் இந்த ஆறுகால் சைடுபோர்டைப் பார்க்கலாம். ஆனால் அதே வடிவத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் ஏராளமாகத் திரும்பச் செய்தார்கள். வடிவத்தை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். இழுப்பறையை வெளியே எடுத்து மூலை இணைப்பைப் பாருங்கள். கையால் வெட்டிய டவ்டெயில் (புறா வால் வடிவில் கோத்த இணைப்பு) ஒன்றுபோல் ஒன்று இருக்காது, இயந்திரத்தில் வெட்டியது அச்சாக இருக்கும். பின்பலகையில் வளைந்த அறுப்புக் கோடுகள் இருந்தால் அது வட்ட ரம்பம், அந்தப் பலகை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோதான். திருகாணி ஒன்றைக் கழற்ற முடிந்தால் முனையைப் பாருங்கள். கூர்முனைத் திருகாணி பரவியது 1840களுக்குப் பிறகு. ஆனால் திருகாணியை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள்.

இலுப்பை:
பார்த்தேன். ஈயம் இல்லை. டவ்டெயில் எல்லாம் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக, மெல்லிசாக இருக்கின்றன. பின்பலகையில் கோடுகள் நேராக இருக்கின்றன. காலுக்கு உள்பக்கம் ஒரு துளி ஸ்பிரிட் வைத்தேன், பிசுபிசுவென்று இளகியது.

உளிச்சத்தம்:
அப்படியானால் அரக்குத்தான். பார்வைக்கு நல்ல வேலைப்பாடு போலத் தெரிகிறது. முதலில் அழுக்கை எடுங்கள். கறுப்பு என்று நீங்கள் சொல்வதில் பாதி பழைய மெழுகும் தூசியும் புகையும் சேர்ந்த படலமாக இருக்கலாம். டர்பன்டைனுக்குப் பதில் விற்கும் மினரல் ஸ்பிரிட்டை (முன்னால் சொன்ன ஸ்பிரிட் வேறு) துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்தால் அது மெழுகைக் கரைக்கும், அரக்கைத் தொடாது. மறைவான இடத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். பழைய மஹோகனியின் அந்த ஆழ்ந்த நிறம் மேற்பரப்பில் மெல்லிசாகத்தான் இருக்கிறது. தேய்த்தால் கீழே வருவது புது மரத்தின் இளஞ்சிவப்பு. வீட்டில் கேட்கும் வெளிச்சமான நிறம் அது இல்லை.

தேக்குவாசம்:
எல்லாச் சைடுபோர்டுக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள். என்னிடம் இருப்பது 1960களின் தேக்கு வெனீர், எண்ணெய்ப் பூச்சு. அதற்கு அவ்வப்போது துடைத்து எண்ணெய் பூசுவதுதான் முறையான பராமரிப்பே. அதே நேரம் அமோனியாப் புகையில் நிறமேற்றிய ஓக் சாமான் இருக்கிறது. அங்கே நிறமே மரத்தின் டானினோடு நடந்த வேதிவினை. அதைத் தேய்த்து வெளுக்க வைத்துவிட்டு மேலே சாயம் அடிப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆங்கிலேய வடிவமைப்பாளர் இ. டபிள்யூ. காட்வின் 1867வாக்கில் வடிவமைத்த சைடுபோர்டு முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பைச் சுரண்டி 'உள்ளே நல்ல மஹோகனி இருக்கிறதே' என்று ஒருவர் சொன்னால் அது வேறு சாமான் ஆகிவிடும்.

தினப்புழக்கம்:
காட்வினை இழுப்பது நியாயம் இல்லை. அது அருங்காட்சியகச் சாமான். இலுப்பையுடையது மூன்று வேளையும் தட்டு வைத்து எடுக்கப்போகும் சாமான். துடைத்துப் பார்த்தும் மேல்பலகை கண்றாவியாக இருந்தால், ஸ்பிரிட்டால் மட்டும் பாலிஷை எடுத்துவிட்டு மேல்பலகைக்குப் புது அரக்குப் போடுங்கள். கதவையும் இழுப்பறையையும் விட்டுவிடுங்கள். இதைக்கூடத் தப்பு என்பீர்களா?

உளிச்சத்தம்:
தப்பு என்று சொல்லவில்லை, அவசரம் என்கிறேன். மேல்பலகை மட்டும் புதிதாக இருந்தால் முன்பக்கத்தோடு ஒட்டாமல் தனியாக மினுங்கும். அப்புறம் முன்பக்கத்தையும் செய்யலாமே என்று கை நீளும். ஒரு பழைய முகப்பு இப்படித்தான் படிப்படியாகக் காணாமல் போகிறது.

தினப்புழக்கம்:
மினுக்கத்தை மெல்லிய இரும்புப் பஞ்சும் மெழுகும் வைத்து அடக்கிவிடலாம். தெரிந்த கைக்கு அது பெரிய வேலை இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்குப் பிடிக்காத சாமான் கடைசியில் மூலைக்குப் போகும், பிறகு வாசலுக்குப் போகும். பாலிஷைக் காப்பாற்றிச் சாமானை இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இலுப்பை:
பாலியூரிதேன் வேண்டாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டேன். முதலில் துடைக்கிறேன், பிறகு வெள்ளை வளையம். கறுப்பு வளையத்தில் நானே அமிலம் வைக்கப் பயமாக இருக்கிறது, அதைத் தெரிந்தவரிடம் விடுகிறேன். மேல்பலகை பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான். ஒரு கேள்வி: இடப்பக்க மூலையில் வெனீர் லேசாகத் தூக்கியிருக்கிறது. ஃபெவிகால் விடலாமா?

உளிச்சத்தம்:
வேண்டாம். பழையது வஜ்ஜிரப் பசையாக (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை) இருந்தால் அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இன்னும் இளகும். மேலே துணி போட்டு இளஞ்சூடாக ஒற்றி, மெழுகுத்தாள் வைத்து, ஒரு பலகையை அதன்மேல் போட்டுக் கவ்வியால் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். சூடு அதிகமானால் அரக்கு வெளுக்கும், கவனம். பிடிக்கவில்லை என்றால் புது வஜ்ஜிரம் விடலாம்.

தினப்புழக்கம்:
இதில் நானும் அவர் பக்கம்தான். வஜ்ஜிரமே விடுங்கள்.