பேய்க் கதையும் போய்ப் பார்த்தவர்களும்

எல்லோருக்கும் வணக்கம்.

இரவில் சதுப்பு நிலத்தில் மிதக்கும் வெளிச்சமாகத் தெரிகிற கொள்ளிவாய்ப் பிசாசு பற்றி நம் குழுவில் பேச்சு வந்ததும் வழக்கம்போல இரண்டு கட்சியாகிவிட்டோம். "கண்ணால் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், இல்லை என்று சொல்ல நீ யார்" என்று ஒரு பக்கம், "சதுப்பு நில வாயு, அவ்வளவுதான், வேறு வேலையைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு போகிற இன்னொரு பக்கம். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இன்றைக்கு என் சண்டை இரண்டாவது கட்சியோடுதான்.

சதுப்பு நில வாயு என்றால் மீத்தேன். 1776-ல் இத்தாலியில் மாஜியோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து எழும் குமிழிகளைப் பிடித்து, அது எரியக்கூடிய வாயு என்று காட்டியவர் வோல்ட்டா, பின்னால் மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான். சரி, எரியும். பற்றவைத்தது யார்? மீத்தேன் தானாகத் தீப்பிடிக்காது. இது வோல்ட்டாவுக்கே உறுத்தியிருக்கிறது, அதனால் மின்னல் மாதிரி ஏதோ ஒன்று அதைத் தூண்டியிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். அப்புறம் வந்தவர்கள் டைபாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மத்தைக் கொண்டுவந்தார்கள், அது காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் அப்படி எரிந்தால் வெள்ளைப் புகை வர வேண்டும். பார்த்ததாகச் சொன்னவர்களில் பலர் புகையே இல்லை, சூடும் இல்லை, நீலமாக மிதந்தது என்கிறார்கள். போதாக்குறைக்கு, பல நாடுகளில் சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கிவிட்டதால் இந்த வெளிச்சமே அரிதாகிவிட்டது, சோதித்துப் பார்ப்பதும் லேசான காரியமில்லை. ஆக "அறிவியல் எப்போதோ விளக்கிவிட்டது" என்று நாம் சொல்வதும் யாரோ சொல்லக் கேட்டதுதான். பிசாசு என்றவரைப் போலவே நாமும் போய்ப் பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் நகரும் கற்களைச் சொல்லலாம். காய்ந்த ஏரிப்படுகையில் பாறைகள் கிடக்கின்றன, சில முந்நூறு கிலோவைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு போன தடம், ஆனால் நகர்வதைக் கண்டவர் இல்லை. காந்தம், சூறாவளிக் காற்று, வேற்றுக்கிரகவாசி, யாரோ செய்யும் குறும்பு என்று பல பத்தாண்டுகள் கதை ஓடியது. ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் என்ற உறவுக்காரர்கள் இரண்டு பேர் வெளியிலிருந்து கொண்டுவந்த கற்களில் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். 2013 டிசம்பரில் போனபோது ஏரியில் கொஞ்சம் தண்ணீர், மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் பனித்தகடு. வெயில் ஏறியதும் தகடு உடைந்து, மெல்லிய காற்றுக்கே நகர்ந்து, கற்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில். கண் முன்னால் நடந்தது. 2014-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், பலத்த காற்றுதான் காரணம் என்று அடித்துப் பேசிய விஞ்ஞானிகளும் இதில் தோற்றுப்போனார்கள்.

சில மர்மங்களுக்கு ஊர் ஊராக அலையக்கூட வேண்டாம், பழைய பேப்பரைப் புரட்டினால் போதும். அட்லாண்டிக் கடலில் கப்பல்களையும் விமானங்களையும் விழுங்குவதாகச் சொல்லப்படும் பெர்முடா முக்கோணம் அந்த ரகம். அரிசோனாவில் பல்கலைக்கழக நூலகராக இருந்த லாரி குஷே, ஒவ்வொரு கப்பலும் மறைந்த தேதியில் வந்த செய்தித்தாள்களையும் வானிலைக் குறிப்புகளையும் தேடி எடுத்து 1975-ல் ஒரு புத்தகம் போட்டார். அமைதியான கடலில் மாயமானதாகச் சொல்லப்பட்ட கப்பல்களில் சில உண்மையில் புயலில் சிக்கியவை. ஒன்று பசிபிக் பெருங்கடலில் நடந்த சம்பவம், அதை எப்படி இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்களோ!

அந்தக் கதைகளுக்கெல்லாம் தலைமகன் 1945 டிசம்பர் 5 அன்று ஃபுளோரிடாவிலிருந்து பயிற்சிக்காகக் கிளம்பிய ஐந்து கடற்படை விமானங்கள். 14 பேர், ஒருவரும் திரும்பவில்லை. தேடப் போன விமானமும் 13 பேரோடு போய்விட்டது. ரேடியோ பேச்சு விசாரணை ஆவணங்களில் இருக்கிறது: தலைமை விமானி திசைகாட்டி வேலை செய்யவில்லை என்கிறார், தான் ஃபுளோரிடாவின் தெற்குத் தீவுகளுக்கு மேலே இருப்பதாக நம்புகிறார், உண்மையில் இருந்ததோ பஹாமாஸ் பக்கம். இருட்டு, மோசமாகிக்கொண்டே போன வானிலை, தீர்ந்துகொண்டிருந்த எரிபொருள். தேடப்போன விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் தீ எரிவதை ஒரு எண்ணெய்க் கப்பல் பார்த்திருக்கிறது. முதல் விசாரணை அறிக்கை தலைமை விமானியின் தவறு என்று எழுதியது. அவருடைய தாய் அதை ஏற்கவில்லை, விடாமல் போராடினார். கடைசியில் கடற்படை "காரணம் தெரியவில்லை" என்று திருத்திக்கொண்டது. இன்றுவரை மர்மக் கதைக்காரர்கள் ஆதாரமாகக் காட்டுவது அந்த வரியைத்தான். ஒரு தாயின் மனசு ஆறட்டும் என்று எழுதப்பட்ட வரிக்குள் வேற்றுக்கிரகவாசிகள் குடியேறிவிட்டார்கள்.

பேயை நம்பாத நம் கட்சியிலும் இப்படிச் செல்லக் கதைகள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், பேய் நடமாடுவதாகப் பேச்சிருந்த ஆய்வுக்கூடத்தில் இரவு வேலை செய்கையில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிய, திரும்பினால் காணோம். மறுநாள் இறுக்கிப் பிடித்து வைத்திருந்த வாள்விளையாட்டு வாள் ஒன்று தானாக அதிர்வதைக் கவனித்து, காதுக்குக் கேட்காத, ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 19 அதிர்வு) ஒலி ஒரு மின்விசிறியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார், அந்த உருவம் தெரிந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். 1998-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அருமையான துப்பறிதல், மறுப்பில்லை. ஆனால் பிறகு மற்றவர்கள் சோதித்தபோது விளைவு அவ்வளவு தெளிவாக வரவில்லை. நாமோ "பேய் என்பது 19 ஹெர்ட்ஸ்" என்று எங்கும் பரப்பிக்கொண்டிருக்கிறோம்.

தூக்கத்தில் பேய் அமுக்குவது வேறு மாதிரி. அங்கே விளக்கம் உறுதியானது: கனவு காணும் கட்டத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும், அது விடுபடும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் அசைய முடியாது, கனவும் கண் திறந்தபடியே தொடரும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவாள் என்பார்கள், ஜப்பானில் உடம்பைக் கட்டிப்போட்டது போல என்பார்கள். அனுபவித்தவர் பொய் சொல்லவில்லை என்று இங்கே அறிவியலே சாட்சி சொல்கிறது.

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரைப் பற்றியும் யாரோ எழுதியிருந்தீர்கள். 1963-ல் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு லட்ச ரூபாய் என்று இலங்கையில் அறிவித்தார், 1978-ல் இறக்கும் வரை ஒருவரும் வெல்லவில்லை, உண்மை. ஆனால் எனக்கு அந்தச் சவாலைவிட, கூப்பிட்ட வீடுகளுக்கு அவர் போய் உட்கார்ந்ததுதான் பெரிதாகப் படுகிறது. கல் விழுகிறது, பொருள் தானாக உடைகிறது என்று அழைத்த குடும்பங்களில் மனம் நொந்து கிடந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரோடு பேசி, அவர் துன்பம் தீர வழி செய்தார். மூடநம்பிக்கை என்று வாசலிலிருந்தே திட்டிவிட்டு வந்திருந்தால் அந்த ஆளுக்கு என்ன ஆகியிருக்கும்?

இனி கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்த்தது நீங்களா, பார்த்தவரிடம் நேரில் கேட்டீர்களா, அவரிடம் கேட்டவரிடம் கேட்டீர்களா என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். நேரம், காற்று, மழை, கூட இருந்தவர் என்ன பார்த்தார் என்பதும் வேண்டும், முக்கியமாக இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகாத இடங்களைச் சரிக்கட்டாமல் அப்படியே எழுதுங்கள். வாயுக் கட்சிக்காரர்கள் பதில் போடும் முன் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள்.